பிடுங்குவதற்கு ஒரு துண்டு

உட்கார்ந்தேவிட்டார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார், கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று மேலே அண்ணாந்தார், பிறகு கர்ச்சீப்பை உதறிப் படியில் விரித்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார் ஆர்க்கிடெக்ட் நாச்சியப்பன், வெளியிலிருந்து வந்திருக்கும் ஜூரி, ஐந்தாம் ஆண்டு முழுவதன் தலையெழுத்தையும் இன்றைக்குச் சிவப்புப் பேனாவால் எழுதப்போகிறவர். மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு தெபோரா மேலிருந்து பார்த்தாள். அவருடைய வழுக்கை தெரிந்தது, கதர் ஜிப்பாவின் முதுகில் ஈரம் தெரிந்தது, அவர் பையைத் தூக்கிக்கொண்டு உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நெளிகிற அட்டெண்டர் தெரிந்தார். லிப்ட் கதவில் தொங்கும் 'பழுது' அட்டைக்கே வயசாகிவிட்டது. கட்டடம் கட்டுவது எப்படி என்று ஐந்து வருஷம் சொல்லிக்கொடுக்கிற கல்லூரியில் லிப்ட் ஓடாது, கழிப்பறைக் கதவு சாத்தாது, மழை பெய்தால் ஸ்டுடியோவுக்குள் குடை பிடிக்க வேண்டும், ஆனால் சுவரில் மட்டும் 'வெளி என்பது ஓர் அனுபவம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அனுபவம்தான். வாளி வைத்துப் பிடிக்கிற அனுபவம். வெறுங்கையோடு ஏறி வந்த மனுஷர், என்று நினைத்தாள். வாயில் இனிப்பு மாதிரி ஏதோ ஊறியது. ஒரு வாக்கியம் நாக்கில் திரண்டு, உருண்டு, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதற்குள் ஷகிலா பின்னாலிருந்து அவள் ஜடையைப் பிடித்து இழுத்தாள்.

"பார்த்துட்டியா? பார்த்தது போதும். இதைக் கொண்டுபோய் உள்ள சொல்லிடாத தாயே."

"எதை?"

"எதையும். உனக்கு இன்னைக்கு ரெண்டே வார்த்தைதான். ஒண்ணு 'சரி', இன்னொண்ணு 'சார்'. எங்க, சொல்லு."

"சரி சார்."

"மூஞ்சியை அப்படி வெச்சுக்காம சொல்லு."

மூஞ்சியை வேறு எப்படி வைத்துக்கொள்வதாம், இருக்கிற மூஞ்சி இதுதான், பிறந்ததிலிருந்து எதையோ மோந்து பார்த்த மாதிரித்தான் இருக்கிறது என்று அம்மாவே சொல்வாள். போன முறையும் மூஞ்சிதான் கெடுத்தது. வாயும். அப்போது வந்திருந்த ஜூரி, கழுத்தில் மப்ளர் கட்டியவர், கோயம்புத்தூர் வெயிலில் மப்ளர், 'இந்தக் கட்டடத்துக்கு ஆன்மா இல்லையே' என்றார், 'முதல்ல கக்கூஸ் இருக்கான்னு பாருங்க சார், ஆன்மா அப்புறமா வரும்' என்றாள் இவள், ஹாலே சிரித்தது, சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது, சாயங்காலம் பலகையில் ஒட்டிய தாளில் அவள் பெயருக்கு நேரே ரிபீட். சிரித்தவர்களில் ஒருத்தன்கூட ரிபீட் இல்லை. இந்த முறையும் போனால் தலைப்பும் போய்விடும், அதுதான் விதி, இரண்டு தடவை தோற்ற தலைப்பை மூன்றாவது தடவை எடுக்கக் கூடாது, புதுத் தலைப்பு, புது இடம், புது வருஷம். மலைச் சரிவில் தீயணைப்பு மீட்புப் பயிற்சி வளாகம் என்ற இந்த ஒன்று, அவள் வாழ்க்கையில் உருப்படியாக நினைத்த ஒரே ஒன்று, ஸ்டோர் ரூமில் உடைந்த டிராயிங் பலகைகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்பா வேறு பேக்கரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், எம் பொண்ணு ஃபயர் சர்வீஸ்காரங்களுக்கு ஸ்கூல் கட்டப்போறா என்று. கட்டவே போவதில்லை அப்பா, இது மார்க்குக்காகப் போடுகிற படம், என்று எத்தனை முறை சொன்னாலும், 'அதான் போட்டுட்டேல்ல, இனிமே கட்டுவாங்க' என்பார். இதில் எந்த இடத்தில் போய் வாதாடுவது. காலையில் பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்பியிருந்தார், ஒரு டப்பா நிறைய வர்க்கி, சாருங்களுக்குக் குடு மா என்று. அதை அவள் பையின் அடியில் திணித்து, மேலே துணியைப் போட்டு மூடி, அதன்மேல் தன் மானத்தையும் வைத்து மூடியிருந்தாள். ஷகிலா அதைக் கண்டுபிடித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

தெபோரா சுவரோரம் தரையில் உட்கார்ந்து தன் மாடலை எடுத்து வைத்துக்கொண்டாள். மடியில் மலை இருந்தது. வெள்ளை அட்டையைச் சரிவின் கோடு கோடாக அறுத்து, அடுக்கடுக்காக ஒட்டி, விரலையும் ஒன்றிரண்டு இடத்தில் அறுத்துக்கொண்டு அவள் எழுப்பிய மலை. வர்க்கித் தூள் அதன்மேல் உதிர்ந்து மண்சரிவு மாதிரி கிடந்தது, ஊதிவிட்டாள். வராந்தா நெடுக மற்றவர்களின் மாடல்கள் குழந்தை வார்டு மாதிரி வரிசையாக இருந்தன. பிரணவின் பேருந்து நிலையம், பட்டாம்பூச்சி வடிவம். ஏனென்றால் பயணிகள் பட்டாம்பூச்சி போல வந்து போகிறார்களாம். கைக்குழந்தையும் அரிசி மூட்டையுமாகப் பொள்ளாச்சி பஸ்ஸைத் துரத்துகிற எந்தப் பட்டாம்பூச்சியை இவன் பார்த்தான். அதற்கடுத்துத் தாமரை வடிவ ஆஸ்பத்திரி. அது தாமரை என்பது மேலே பறக்கிற பருந்துக்குத்தான் தெரியும், பருந்துக்கு மூலமோ மூட்டுவலியோ வந்தால் படுத்துக்கொள்ளலாம். சங்கு வடிவக் கல்யாண மண்டபம். கீதப்பிரியா மேடம் தெபோராவுக்கு கைடு, நல்ல மனுஷி, நல்ல மனுஷி என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை, அவளிடமும் சொன்னார், 'தீயணைப்புன்னா நெருப்பு, நெருப்புன்னா சுடர். பிளானையே ஒரு சுடர் மாதிரி போடேன் தெபோரா, கான்செப்ட் ஸ்ட்ராங்கா இருக்கும்' என்று. கொசுவத்திக் கம்பெனியைக் கொசு மாதிரி கட்டுவார்களா மேடம், என்று கேட்டாள். அவர் இரண்டு நாள் பேசவில்லை. எல்லா மாடலிலும் பொதுவாக ஒன்று இருந்தது, எல்லாமே தட்டையான பலகைமேல் உட்கார்ந்திருந்தன, உலகமே கேரம் போர்டு என்பது போல. மலையில் இடம் எடுத்தவர்களும் உண்டு, ரிசார்ட் போடுகிறவர்கள். கம்ப்யூட்டரில் ஒரு சொடுக்கு, மலை சமதரை ஆகிவிடும். மலை என்றால் அவர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே தெரிகிற ஒரு பொருள்.

"ஏய், உன் மாடல்ல சாருக்கு எந்தத் துண்டு?" என்றாள் ஷகிலா வாய் நிறைய.

இந்த வராந்தாவில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அது. நாச்சியப்பன் கையால்தான் விமர்சனம் செய்வார். மாடலைச் சுற்றி வருவார், குனிவார், எதையாவது பிடுங்குவார், பிடுங்கியதைத் தூக்கிக் காட்டி, 'இப்ப பாரு, இப்பத்தான் கட்டடம் மூச்சு விடுது' என்பார். அதனால் சீனியர்கள் காலத்திலிருந்தே வழக்கம், யாருக்கும் வேண்டாத ஒரு கோபுரத்தையோ கூரையையோ செய்து, பசையை ஒப்புக்குத் தொட்டு, அவர் நிற்கிற பக்கமாக நிறுத்தி வைப்பது. அவர் அதைப் பிடுங்குவார், மனசு ஆறும், மிச்சம் பிழைக்கும். ஷகிலாவின் முதியோர் இல்லத்தில் அதற்கென்றே ஒரு மணிக்கூண்டு இருந்தது. பிரணவ் பட்டாம்பூச்சிக்கு இரண்டு மீசை வைத்திருந்தான், ஒன்று போதாவிட்டால் இன்னொன்று. கூண்டுக்குள் போவதற்கு முன்னால் ஒரு துண்டு கறியைத் தூக்கிப் போடுகிறவர்கள், இது காலேஜா மிருகக்காட்சிசாலையா, நான் வைக்க மாட்டேன் என்று தெபோரா நேற்றுதான் ஸ்டுடியோவில் பிரசங்கம் பண்ணியிருந்தாள். பண்ணிவிட்டு, அந்த ரோஷத்தில், இருக்கிற பசையையெல்லாம் கொட்டி ஒட்டியிருந்தாள். பாறை ஏறிப் பழகும் சுவரை இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. நிஜமாகவே தீ மூட்டி அணைத்துப் பழகுவதற்கான எரிவீடு, ஹோஸ்களைத் தொங்கவிட்டு உலர்த்தும் கூண்டு, மண்ணுக்கடியில் சிக்கியவரைத் தோண்டி எடுத்துப் பழகும் சேற்றுக் குழி, மேலே படுக்கும் கூடம், கீழே சாப்பாட்டுக் கூடம், ஏனென்றால் சாப்பிட இறங்கணும், தூங்க ஏறணும், தினமும், அப்போதுதான் நுரையீரலுக்கு மலை என்றால் என்னவென்று தெரியும். எல்லாம் கல் மாதிரி நின்றன. அப்புறம் விரல் நடுவிலிருந்த படிச்சந்தில் பட்டது. அது அசைந்தது. அசையும்தான், ஒட்டவே இல்லையே. கீழ்வாசலிலிருந்து உச்சித் தொட்டிவரை நேராக ஏறுகிற சந்து, இரண்டு பக்கமும் பொய்வீடு, பொய்க்கடை, அடியில் தண்ணீர்க் குழாய், அந்தக் குழாயைக் காட்டி வாதாடுவதற்காகத்தான் அதை மட்டும் தனித் துண்டாகச் செய்து பள்ளத்தில் செருகி வைத்திருந்தாள். மற்ற எல்லாம் ஒட்டியாகிவிட்டது. பிடுங்க வருகிற கைக்கு மலை முழுக்கத் தேடினாலும் கிடைக்கப்போவது இந்த ஒன்றுதான். புத்திசாலி. பிரசங்கக்காரி. எல்லோரும் மீசையைக் கொடுத்தார்கள், இவள் இருதயத்தை எடுத்துக் கைக்கு வாகாக வைத்திருக்கிறாள். "பசை இருக்கா?" என்றாள். ஷகிலா மாடலைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், வர்க்கியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வராந்தாவில் ஓடினாள், பசை, யார்கிட்டயாவது பசை இருக்கா.

வர்க்கி வாசனை. டால்டாவும் சர்க்கரையும் கொஞ்சம் கருகின வாசனை. கருகல் என்றால் எந்தக் கருகல், அடுப்பில் ஒரு நிமிஷம் கூட விட்டால் வருகிற கருகலா, இல்லை அந்தக் கருகலா, அது வேறு, அது பல்லில் ஒட்டும், அப்பா கடை மேல் பஜாரில் இருந்தபோது, ஆறாம் வகுப்பு, பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப் பையோடு படிச்சந்தின் உச்சியில் நிற்கிறாள். தீப்பிடித்த கடைக்குள்ளே டால்டா டின்கள் ஒவ்வொன்றாக வெடிக்கின்றன. அவள் ஊரில் கீழ் பஜாருக்கும் மேல் பஜாருக்கும் நடுவில் ரோடு இல்லை, படிதான், இப்போதும் படிதான். கீழே வண்டி வந்துவிட்டது, மணி அடிக்கிறது, சிவப்பாகத் தெரிகிறது, ஆனால் கீழேயே நிற்கிறது, வேறெங்கே நிற்கும். ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு காக்கிக்காரர்கள் ஏறுகிறார்கள். முன்னால் வந்தவர் பெரிய உருவம், மீசை, தலையில் ஹெல்மெட், சினிமாவில் வருகிற மாதிரி. தையல்கடை வாசல்வரை வந்தார். அங்கே நின்றார். சுவரைப் பிடித்தார். அண்ணாந்து பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். ஹோஸைக் குழந்தை மாதிரி மடியில் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, பந்திக்கு இலை போடட்டும் என்று காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எப்படியோ முனையை மேலே கொண்டுவந்து சேர்த்தார்கள், தண்ணீர் வந்தது, வந்தது என்றா சொல்வது, தெருக்குழாயில் கடைசிக் குடத்துக்கு வருகிற மாதிரி ஒழுகியது. அவ்வளவு உயரத்துக்கு ஏறி வருவதற்குள் அதற்கும் மூச்சு வாங்கிவிட்டது. ஊரே கத்திக்கொண்டிருந்தது. அவள் சிரித்தாள். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அப்பா திரும்பி ஓர் அறை விட்டார். அதற்கு முன்னால் அடித்ததில்லை, அதற்குப் பிறகும் இல்லை. கன்னத்தில் மாவும் கரியுமாக ஐந்து விரலும் பதிந்திருந்ததாக அம்மா பிற்பாடு சொன்னாள். அடித்துவிட்டு அப்பா என்ன செய்தார் என்றால், எரிகிற கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பக்கத்துக் கடையில் ஒரு சோடாவை எடுத்து, உடைத்து, இறங்கிப் போய் அந்த ஆள் கையில் கொடுத்தார். ஏன். இத்தனை வருஷமாக அவள் அதோடு வழக்காடிக்கொண்டிருக்கிறாள். கடைக்குத் தீ வைத்தது நானா. உட்கார்ந்தது நானா. சிரித்தவளுக்கு அறை, உட்கார்ந்தவனுக்குச் சோடாவா, இது என்ன நியாயம். தீ கனவில் வருவதில்லை, அறைதான் வருகிறது, சில நாள் சோடா உடைகிற சத்தத்தில் விழிப்பு வருகிறது. அப்பாவிடம் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்றுதான். அதற்குப் பதிலாகப் படித்தாள், வரைந்தாள், அந்தப் படிச்சந்தையே அட்டையில் செய்தாள், தையல்கடை உட்பட, உச்சியில் ஒரு பேக்கரி உட்பட. இதில் ஏறி ஏறிப் பழகினவன் உட்கார மாட்டான், ஏறுகிற தண்ணீருக்கு நடுவழியில் இன்னொரு பம்ப் வைக்கத் தெரிந்தவன் ஒழுகவிட மாட்டான், அவ்வளவுதான், இதற்குச் சுடரும் வேண்டாம் பட்டாம்பூச்சியும் வேண்டாம். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாச்சியப்பன் எழுந்துவிட்டார். மெதுவாக ஏறி வந்து, கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்திருந்த அவளைக் கடந்து போனார், மூச்சு இன்னும் கீச்சுக்கீச்சென்றது, ஜவ்வாது வாசனை அடித்தது, அவள் மடியிலிருந்த மலையைப் பார்க்கவேயில்லை. நாக்கில் அந்த வாக்கியம் அப்படியே இருந்தது. கரையவில்லை.

ரிபீட்காரர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று. டீ குடித்து, பிஸ்கட்டை நனைத்து, நனைந்தது டீக்குள் விழுந்து, அதை ஸ்பூனால் தேடி எடுத்து முடிந்த பிறகு கூப்பிட்டார்கள். ஷகிலா பசையோடு வரவில்லை. வகுப்பு மொத்தமும் பின்னால் வந்து சுவரோடு சுவராக நின்றுகொண்டது, கல்யாண வீட்டில்கூட இவ்வளவு ஆர்வமாக நிற்க மாட்டார்கள். அவள் சொல்லத் தொடங்கினாள். மழை, மண், சரிவு, பாறை, எதையும் வெட்டாமல் எப்படி நிறுத்தியிருக்கிறேன் என்று. நாச்சியப்பன் கேட்டுக்கொண்டே மாடலைச் சுற்றி வந்தார். கை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தது. கட்டியிருக்கட்டும், கட்டியே இருக்கட்டும்.

"கிரவுண்டு எங்கம்மா?"

"எந்த கிரவுண்டு சார்?"

"பரேடு கிரவுண்டு. ட்ரெயினிங் சென்டர்னா பரேடு கிரவுண்டு வேண்டாமா? கொடி எங்க ஏத்துவாங்க? மந்திரி வந்தா எங்க நிப்பாரு?"

மந்திரி வந்தால் படியில் ஏறட்டும். சொல்லவில்லை. விழுங்கினாள், தொண்டையில் இறங்குவது தெரிந்தது. "மேல சின்னதா ஒண்ணு இருக்கு சார்."

"இதா? வாலிபால்கூட ஆட முடியாது." கை அவிழ்ந்தது. பாறைச் சுவரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், வரவில்லை. எரிவீட்டைப் பிடித்தார், வரவில்லை. அவர் புருவம் ஏறியது, பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்தார்கள். பிறகு அந்தத் தடித்த விரல்கள் தடவிக்கொண்டே நடுவுக்கு வந்தன, படிச்சந்தில் நின்றன, தூக்கின. சத்தமே இல்லாமல் வந்துவிட்டது. பல் பிடுங்கினால்கூட ஒரு சத்தம் வரும். மலை நடுவில் பிளந்துபோய்க் கிடந்தது. அவர் உள்ளங்கையை அந்தப் பிளவின்மேல் வைத்துத் தட்டையாகத் தடவிக் காட்டினார். "இப்ப பாரு. இப்பத்தான் மூச்சு விடுது. ஜேசிபி வெச்சு இந்த மேட்டை ஒரே லெவலா எடுத்துடு. நல்லா விரிவா ஒரு கிரவுண்டு குடு. சுத்தி பில்டிங்கைப் போடு. முடிஞ்சது. என்னம்மா, சரிதானே?"

கீதப்பிரியா மேடம் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணால் கெஞ்சினார். சொல்லிடு, சரின்னு சொல்லிடு, பாஸ் போட்டுடுவார். கதவோரம் ஷகிலா, கையில் எங்கிருந்தோ கொண்டுவந்த பசைக் குப்பி, உதட்டை மட்டும் அசைத்தாள், சரி, சார். இரண்டே வார்த்தை. சொன்னால் இன்றே முடிந்தது, அப்பாவுக்குப் போன் பண்ணலாம், படம் பாஸ் அப்பா, மலை மட்டும் இல்லை.

"சரி சார்," என்றாள். "ஆனா..."

"ஆரம்பிச்சுட்டா," என்றான் பிரணவ், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"நீங்க வர்றப்ப ரெண்டாவது மாடிப் படியில உட்கார்ந்துட்டீங்க சார். நான் பார்த்தேன்."

மேடம் "தெபோரா!" என்றார். பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது, ஒன்று, பிறகு இரண்டு, பிறகு அடக்குகிற சிரிப்புகள். நாச்சியப்பனின் காதுமடல் சிவந்தது. கையில் படிச்சந்தோடு அப்படியே நின்றார், வயசான மனுஷர், முழங்கால் வலிக்கிற மனுஷர். இதற்காகத்தான் காலையிலிருந்து வாயில் ஊறியது, இந்தச் சிரிப்புக்காகத்தான், வந்துவிட்டது, ஆனால் இப்போது அது அவள் வாயிலிருந்து வராமல் வெளியிலிருந்து காதில் விழுந்தது. இவ்வளவு அசிங்கமாகவா இருக்கும். இதைத்தான் அப்பா கேட்டிருக்கிறார், டின் வெடிக்கிற சத்தத்துக்கு நடுவில். கன்னம் சுட்டது. அவள் திரும்பிச் சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தாள். "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றாள். அதட்டிய விதத்தில் பட்டாம்பூச்சி வாயை மூடிக்கொண்டது.

"உட்கார்ந்தது உங்க தப்பில்ல சார். பகல், வெளிச்சம், புகை கிடையாது, பையைக்கூட அட்டெண்டர்தான் தூக்கிட்டு வந்தார், அப்பவும் முடியல. யாருக்குமே முடியாது, பழகலைன்னா. எங்க ஊர்ல எங்கப்பா கடை எரிஞ்சப்ப, ஹோஸைத் தோள்ல போட்டுக்கிட்டு ஏறி வந்தவரும் இப்படித்தான் பாதிப் படியில உட்கார்ந்துட்டார். அவரையும் நல்ல கிரவுண்டுலதான் சார் பழக்கியிருப்பாங்க. நல்லா விரிவான கிரவுண்டு. கொடியெல்லாம் ஏத்தியிருப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. நாச்சியப்பன் கையிலிருந்ததை முதல் தடவையாகப் பார்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தையல்கடை, அதன் வாசலில் அவள் ஒட்டியிருந்த அரிசி அளவு மனிதன், உட்கார்ந்த நிலையில்.

"அவரு மேல வந்தாரா?" என்றார்.

"வந்தார் சார். எல்லாம் எரிஞ்சு முடிஞ்சப்புறம்."

அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தார். மூடியைத் திருகினார். சரியாக மாட்டவில்லை, மறுபடி திருகினார். பிறகு குனிந்து, படிச்சந்தை மலையின் பிளவுக்குள் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினார். அது போய் உட்கார்ந்தது. தலைகீழாக. பேக்கரி கீழ்வாசலில் கிடந்தது, முதல்படி உச்சித் தொட்டிக்குப் பக்கத்தில் வானத்தைப் பார்த்து நின்றது, பூமியில் பிறந்த எவராலும் ஏற முடியாத படியாக இருந்தது அது. எத்தனை கட்டடம் கட்டிய மனுஷர், எத்தனை பேருடைய மாடலைப் பிடுங்கிய கை, மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. பார்த்தாலே தெரியுமே, கண் இருந்தால் தெரியுமே, குழாயின் அம்புக்குறிகூட வரைந்திருக்கிறாளே. சிவப்புப் பேனா மதிப்பெண் தாளில் எதையோ எழுதியது. இன்னொரு கையால் மறைத்துக்கொண்டார்.

"இது இருக்கட்டும்மா," என்றார், அந்தத் தலைகீழ்ப் படியை விரலால் தட்டி. "போலாம். அடுத்தது யாரு?"

அவள் வாயைத் திறந்தாள். கதவோரத்தில் ஷகிலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"சரி சார்," என்றாள் தெபோரா, மலையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு. மூஞ்சி எப்படி இருந்ததோ, தெரியவில்லை.